நிழலில் மறைந்ததும் ஒளியில் கரைந்ததும்

புகைப்படத்திற்குத் தமிழில் பெயர்கள் பல. நிழற்படம் என்பர் சிலர்; ஒளிப்படம் என்பர் வேறு சிலர். ஒரே பொருளுக்கு நிழல் என்றும் ஒளி என்றும் நேர்மாறான இரு பெயர்கள் வாய்த்தமை பொருத்தமே. ஒரு படத்தில் உருவம் தோன்றுவதற்கு இரண்டும் வேண்டும். ஒளி மட்டும் இருந்தால் எஞ்சுவது வெள்ளைத் தாள். நிழல் மட்டும் இருந்தால் எஞ்சுவது கரிய தாள். இரண்டும் அளவோடு கலக்கும்பொழுதுதான் முகத்தில் கண்ணும் மூக்கும் தெரிகின்றன. கல்லில் எழுத்துத் தெரிகிறது.

அளவு தவறினால் என்ன நிகழ்கிறது? மிகுந்த ஒளி விழுந்த இடம் வெளுத்துப் போகிறது. அங்கிருந்த கோடுகளும் மடிப்புகளும் கரைந்துவிடுகின்றன. ஒளி போதாத இடம் கறுத்துப் போகிறது. அங்கிருந்த பொருள்கள் இருளில் மறைந்துவிடுகின்றன. வெளுத்த பகுதியை இக்காலப் புகைப்படக்காரர்கள் ஹைலைட் என்றும், கறுத்த பகுதியை ஷேடோ என்றும் வழங்குகின்றனர். இவ்விரண்டிலும் இழந்த நுட்பங்களை மீட்பதற்கு மனிதன் செய்த முயற்சிகளுக்கு ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை இங்கே காண்போம். காணும்பொழுது ஒரு வேறுபாட்டை மட்டும் நெஞ்சில் இருத்திக்கொள்வோம். மறைந்தது வேறு; பதியாதது வேறு. மறைந்ததை மீட்கலாம். பதியாததை மீட்க இயலாது. புதிதாகப் படைக்கத்தான் இயலும். இந்த வேறுபாடு வரலாறு பயிலும் மாணவர்க்கு மிகவும் இன்றியமையாதது.

காஞ்சிபுரத்திற்கு அருகே கூரம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊர் சிறிது; வரலாற்றில் அதன் இடம் பெரிது. 7 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் அங்கே சிவபெருமானுக்குக் கற்கோவில் ஒன்று எழுந்தது. வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்பது அதன் பெயர். அக்கோவிலுக்கு அளிக்கப்பட்ட கொடையைக் கூறும் செப்பேடுகளே கூரம் செப்பேடுகள். வடமொழியும் தமிழும் கலந்த அச்செப்பேடுகள் பல்லவ மன்னனுக்கும் சளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தனுக்கும் நடந்த போரை வருணிக்கின்றன. கோவில் மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்குப் பங்கு ஒதுக்கியதையும் கூறுகின்றன. சென்னை அரசு அருங்காட்சியகத்திலுள்ள பல்லவர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி ஒன்றும் கூரத்திலிருந்து கிடைத்ததேயாகும். முழங்காலை உயர்த்தி ஆடும் ஊர்த்துவஜானு நிலையில் அமைந்த திருமேனி அது.

கல்லும் செம்பும் நிறைந்த இத்தகைய ஊர்களுக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் கையில் கேமராவோடு செல்கிறார் என வைத்துக்கொள்வோம். நண்பகல் வேளை. வெளியே சுவரின்மீது வெயில் நேராக விழுகிறது. அங்கே ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். உள்ளே கருவறையில் எண்ணெய் விளக்கு எரிகிறது. அங்கே ஒளி 10 லக்ஸ்கூட இராது. ஒன்றுக்கு மற்றொன்று பதினாயிரத்தில் ஒரு பங்கு. நம் கண் இந்த வேறுபாட்டைப் பெரிதாக உணர்வதில்லை. உள்ளே நுழைந்ததும் கண்மணி விரிகிறது. விழித்திரை இருளுக்குப் பழகுகிறது. சற்று நேரத்தில் திருவுருவம் தெளிவாகத் தெரிகிறது. கேமராவுக்கோ அந்த வாய்ப்பு இல்லை. அது ஒரே கணத்தில், ஒரே அளவு ஒளிப்பதிவில், இரண்டையும் ஏற்க வேண்டும். வெயிலுக்கு ஏற்ப அமைத்தால் கருவறை கரும்பொந்தாகிவிடும். கருவறைக்கு ஏற்ப அமைத்தால் வெளிச்சுவர் வெள்ளைத் துணியாகிவிடும்.

கோவிலை விட்டுக் காஞ்சிபுரத்துத் தறிக்கூடத்திற்கு வந்தாலும் இதே இடர்தான். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக நெய்து இணைக்கும் கோர்வைச் சேலை காஞ்சியின் பெருமை. கறுப்பு உடலும் சரிகைக் கரையும் கொண்ட சேலையைப் படம் எடுத்துப் பாருங்கள். கரையிலுள்ள அன்னமும் யாளியும் தெரியுமாறு எடுத்தால் உடலின் இழைகள் இருளில் மூழ்கும். உடலின் இழைகள் தெரியுமாறு எடுத்தால் சரிகை வெறும் மஞ்சள் பளபளப்பாகிவிடும். ஆக, இது கோவில்களுக்கு மட்டும் உரிய இடர் அன்று; ஒளியும் இருளும் அடுத்தடுத்து நிற்கும் இடமெங்கும் உள்ள இடர்.

கேமரா பரவுவதற்கு முன்னும் அதன்பின்னும் கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த இடரை வேறொரு வழியில் வென்றனர். கல்வெட்டு எழுத்து என்பது கல்லில் வெட்டிய பள்ளம். பள்ளத்திற்கும் மேட்டிற்கும் நிறம் ஒன்றே. ஆதலால் வெயில் நேராக விழும்பொழுது எழுத்தே தெரிவதில்லை. காலையிலும் மாலையிலும் கதிர் சாய்வாக விழும்பொழுது பள்ளத்தில் நிழல் தேங்குகிறது. எழுத்து எழுந்து நிற்கிறது. இதை அறிந்த ஆராய்ச்சியாளர்கள் கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துத் தாளைப் பள்ளங்களுக்குள் அழுத்தி, பின்னர் மை தோய்ந்த பொதியால் ஒற்றி எடுத்தனர். மேடு கறுக்கும், பள்ளம் வெளுத்து நிற்கும். இதுவே மைப்படி. கல்லில் கலந்து கிடந்த எழுத்தை நிழலும் ஒளியுமாகப் பிரித்துக் காட்டிய பெருவித்தை இது.

இவ்வறிஞர்கள் மற்றொரு நல்வழக்கத்தையும் நமக்கு விட்டுச் சென்றனர். ஐரோப்பியரான ஹுல்ஷ், கூரம் செப்பேடுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் முதல் தொகுதியில் 1890 ஆம் ஆண்டு வெளியிட்டார். அவ்வரிசையைப் புரட்டிப் பார்ப்பவர் ஒன்றைக் காணலாம். ஐயத்திற்கு இடமான எழுத்து அடைப்புக்குறிக்குள் நிற்கும். மூலத்தில் இல்லாமல் பதிப்பாசிரியர் தாமாகச் சேர்த்த எழுத்துக்குப் பக்கத்தில் உடுக்குறி இருக்கும். முற்றும் அழிந்துபோன இடத்தில் புள்ளிகள் இருக்கும். படித்தது இது, ஊகித்தது இது, இழந்தது இது என்று மூன்றையும் பிரித்துக் காட்டுவதே அவ்வழக்கத்தின் நோக்கம். பொருள் நிரம்ப வேண்டும் என்பதற்காக இடைவெளியைச் சொல்லாமல் நிரப்புவது ஆராய்ச்சி அன்று என்பதை அவர்கள் ஐயமின்றி அறிந்திருந்தனர்.

இனிப் புகைப்படத்தின் கதைக்கு வருவோம். 1839 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் டாகேர் என்பவரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் டால்பட் என்பவர், தாளில் நெகட்டிவ் எடுத்து அதிலிருந்து பல படிகள் அச்சிடும் கலோடைப் முறைக்கு 1841 இல் உரிமை பெற்றார். அக்காலத்து வெள்ளி உப்புப் பூச்சுகளுக்கு ஒரு குறை இருந்தது. நீல ஒளி அவற்றை விரைவில் தாக்கும். பச்சையும் சிவப்பும் தாக்குவது அரிது. ஆதலால் கட்டடமும் மரமும் பதிவதற்குள் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்துவிடும். அச்சிட்டுப் பார்த்தால் மேகம் ஒன்றும் இல்லாத வெறும் வெள்ளை வானமே தெரியும். ஹைலைட் இழப்பு என்று இன்று நாம் சொல்வது புகைப்படத்தோடு உடன்பிறந்த நோய் என்பது இதனால் விளங்கும்.

இதற்கு முதல் மருந்து கண்டவர்களுள் குஸ்தாவ் லெ க்ரே என்னும் பிரெஞ்சுக்காரர் சிறந்தவர். 1856, 1857 ஆம் ஆண்டுகளில் அவர் எடுத்த கடற்காட்சிகள் புகழ் பெற்றவை. அவற்றுட் சிலவற்றில் அவர் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு ஒரு நெகட்டிவும் தனித்தனியே எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். ஒரே பதிவில் அடங்காத ஒளியை இரு பதிவுகளில் அடக்கினார். இந்தக் கருத்து 140 ஆண்டுகளுக்குப் பின் கணினி வடிவில் மீண்டும் பிறந்ததைப் பின்னர்க் காண்போம்.

அதே காலத்தில் நம் தமிழகத்திலும் ஒருவர் இதே இடரோடு போராடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். பின்னர்ச் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்ந்தவர். 1857 ஆம் ஆண்டு இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படம் எடுத்தார். அப்படங்கள் 1858 இல் தொகுதிகளாக வெளிவந்தன. மாட்டு வண்டியிற் பயணம், கடுமையான வெயில், பெரிய அளவுத் தாள் நெகட்டிவ்கள். இத்தனைக்கும் இடையே அவர் செய்த இரு செயல்கள் நம் கவனத்துக்கு உரியன.

ஒன்று, தஞ்சைப் பெரிய கோவிலின் விமான அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் படமெடுத்த செயல். நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களை இணைத்து, 19 அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஒரு சுருளாக அதனை அமைத்தார். இராசராசன் காலத்து எழுத்துகள் வரிசை குலையாமல் அச்சுருளில் ஓடுகின்றன. இங்கே அவர் நோக்கம் கல்லில் இருப்பதை உள்ளவாறே காட்டுவது. இரண்டாவது, வெளுத்துப்போன வானங்களுக்கு அவர் செய்த மருந்து. தாள் நெகட்டிவின்மேல் மெல்லிய வண்ணம் தீட்டி, பதியாத மேகங்களைத் தம் கையால் உண்டாக்கினார்; மரங்களின் இலைப்பரப்பிற்கும் அவ்வாறே மெருகூட்டினார். படங்கள் அழகு பெற்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த மேகங்கள் அன்று அவ்வூர் வானத்தில் மிதந்தவை அல்ல. ஒரே மனிதர், ஒரே பயணம், ஒரே கருவி. கல்வெட்டுச் சுருளில் அவர் பதிவாளர். மேகத்தில் அவர் ஓவியர். மீட்பது எது, படைப்பது எது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. இன்று அப்படத்தைக் கொண்டு தஞ்சைக் கல்வெட்டை ஆராயலாம். அன்றைய வானிலையை ஆராய்தல் ஆகாது.

ட்ரைப்புக்குப் பின் வந்த விஞ்ஞானிகள் நோயின் வேரை நாடினர். 1873 இல் பெர்லின் நகரத்து வோகல், தட்டில் சாயம் சேர்த்தால் அது பச்சை ஒளியையும் ஏற்கும் என்று கண்டார். இதனால் வானத்திற்கும் நிலத்திற்கும் இருந்த ஏற்றத்தாழ்வு குறையத் தொடங்கியது. 1890 இல் ஹர்ட்டர், ட்ரிஃபீல்டு என்னும் இருவர், தட்டின்மேல் விழும் ஒளிக்கும் அதனால் உண்டாகும் கருமைக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினர். அவ்வளைகோட்டின் நடுப்பகுதி நேராக ஏறும். அடியில் பாதம் போலவும் உச்சியில் தோள் போலவும் வளைந்து படுத்துவிடும். பாதத்தில் நிழலின் நுட்பங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. தோளில் ஒளியின் நுட்பங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. நெருங்கிக் கிடக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும், இல்லாமற் போகவில்லை. ஆகவே, அச்சிடுவோர் திறமை உடையவராயின் அவற்றை ஓரளவு பிரித்தெடுக்கலாம்.

அந்தத் திறமை இருட்டறையில் வளர்ந்தது. அச்சுத்தாளின்மேல் ஒளி விழும்பொழுது, மிகவும் கறுத்துவிடக்கூடிய பகுதிக்கு மேலே கையையோ அட்டைத் துண்டையோ ஆட்டி ஒளியைத் தடுப்பர். அப்பகுதி வெளிர்ந்து நிழலின் நுட்பம் வெளிப்படும். வெளுத்துவிடும் பகுதிக்கு மட்டும் சற்று மிகுதியான நேரம் ஒளியைக் காட்டுவர். அங்கே நெகட்டிவில் அடர்ந்து கிடந்த நுட்பம் தாளில் இறங்கும். முன்னதை டாட்ஜிங் என்றும் பின்னதை பர்னிங் என்றும் அழைத்தனர். அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் என்பாரோடு சேர்ந்து, 1940 ஆம் ஆண்டையொட்டி, கருமை முதல் வெண்மை வரையுள்ள ஒளியளவுகளைப் படிப்படியாகப் பிரித்து, படம் எடுக்கும் முன்னரே எது எந்தப் படியில் விழவேண்டும் என்று திட்டமிடும் முறையை வகுத்தார். நிழலுக்கு ஏற்பப் படம் எடுக்க வேண்டும், ஒளிக்கு ஏற்ப நெகட்டிவைக் கழுவ வேண்டும் என்பது ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்களின் பழமொழி. ஃபிலிமில் பதியாத நிழலை எந்த இருட்டறையும் திருப்பித் தராது என்பதே அதன் கருத்து.

இனி டிஜிட்டல் யுகம். 1957 இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் குழந்தையின் படம் ஒன்றைப் பக்கத்துக்கு 176 புள்ளிகளாகப் பிரித்துக் கணினிக்குள் ஏற்றினார். 1969 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும், ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்து வைக்கும் சில்லை உருவாக்கினர். அதற்காக 2009 இல் நோபல் பரிசு பெற்றனர். 1975 இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். ஒரு படத்தைக் காசெட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி ஆயிற்று.

இந்தச் சில்லு எவ்வாறு ஒளியை அளக்கிறது? மழைக்காலத்தில் முற்றத்தில் வரிசை வரிசையாகக் குடங்களை வைத்ததாக எண்ணுங்கள். மழை ஓய்ந்ததும் ஒவ்வொரு குடத்திலும் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளந்தால், எந்த இடத்தில் எவ்வளவு மழை விழுந்தது என்பது தெரியும். சில்லின்மேல் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் உள்ளன. அவையே குடங்கள், ஒளியே மழை. ஒரு குடம் நிரம்பி வழிந்துவிட்டால் என்ன ஆகும்? அதன்மேல் சிறிதளவே மிகுதியாகப் பெய்ததா, பெருமழை பெய்ததா என்பதை அறிய வழியில்லை. வழிந்த குடங்கள் யாவும் ஒரே அளவையே காட்டும். இதுவே ஹைலைட் இழப்பு. ஃபிலிமின் வளைகோடு தோளில் மெல்ல வளைந்தது. சில்லோ விளிம்பு வரை நேராக ஏறி அங்கே திடீரென்று நின்றுவிடுகிறது. மற்றொரு குடத்தில் இரண்டு துளிகளே விழுந்தன என்போம். அளவு சிறிதேயாயினும் அது பதிவுதான். ஆனால் குடத்தில் முன்பே இருந்த ஈரமும் அளவோடு கலந்து அளவைக் குழப்பும். அக்குழப்பமே நிழற்பகுதியை வெளிச்சமாக்கும்பொழுது மணல் தூவியதுபோல் தோன்றும் புள்ளிகள்.

ஆகவே ஃபிலிம் காலத்துப் பழமொழி இங்கே தலைகீழாயிற்று. டிஜிட்டல் கேமராவில் முதலில் காக்க வேண்டியது ஒளியை. நிழலைப் பின்னர்க் கணினியில் உயர்த்திக்கொள்ளலாம். வழிந்த ஒளியை உயர்த்தவும் இயலாது, தாழ்த்தவும் இயலாது. நிறத்துக்கு ஒன்றாகச் சிவப்பு, பச்சை, நீலம் என மூவகைக் குடங்கள் இருத்தலால், ஒரு நிறம் மட்டும் வழிந்து மற்ற இரண்டும் தப்பியிருந்தால், அவ்விரண்டின் துணைகொண்டு இழந்ததை ஓரளவு கணிக்கலாம். மூன்றும் வழிந்துவிட்டால் எஞ்சுவது வெண்மை ஒன்றே.

நிழலிலும் ஓர் எல்லை உண்டு. 12 பிட் அளவுடைய கேமரா ஒளியை 4,096 படிகளாகப் பிரிக்கிறது. ஒளி பாதியாகக் குறைவதை ஒரு ஸ்டாப் என்பர். மிகவும் ஒளி மிகுந்த முதல் ஸ்டாப்புக்கே 2,048 படிகள் சென்றுவிடுகின்றன. அடுத்ததற்கு 1,024, அதற்கடுத்து 512, இவ்வாறு குறைந்து ஆறாவது ஸ்டாப்புக்கு 64 படிகளே எஞ்சுகின்றன. ஆழ்ந்த நிழலை மிகையாக உயர்த்தினால் நிறங்கள் பட்டை பட்டையாகப் பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 14 பிட் கேமராவில் படிகள் 16,384. அந்தப் பதிவு முழுவதையும் கழிவின்றிக் காப்பதே ரா கோப்பு. வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உள்ளன. ரா கோப்பு நெகட்டிவைப் போன்றது. ஜேபெக் அச்சிட்ட படத்தைப் போன்றது. மீட்க விரும்புவோர் நெகட்டிவை எறிதல் கூடாது.

இருட்டறையின் வேலையைக் கணினி மெல்ல மெல்ல ஏற்றது. 1990 இல் ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. 2003 இல் ரா கோப்புகளைத் திறக்கும் துணைக்கருவியும், நிழலையும் ஒளியையும் தனித்தனியே திருத்தும் ஷேடோ ஹைலைட் என்னும் கட்டளையும் அதில் இடம் பெற்றன. அக்கட்டளை படம் முழுவதையும் ஒரே அளவில் வெளிச்சமாக்குவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் எத்தகைய சூழலில் இருக்கிறது என்று பார்க்கிறது. சுற்றுப்புறம் இருளாயின் அப்புள்ளியை உயர்த்துகிறது. சுற்றுப்புறம் ஒளியாயின் தாழ்த்துகிறது. இருட்டறையில் அட்டைத் துண்டை ஆட்டிய கை செய்ததும் இதுவே. மிகையாகச் செய்தால் தூணின் ஓரத்திலும் கோபுரத்தின் விளிம்பிலும் ஒளிவட்டம் போன்ற பொய்க் கோடு தோன்றும். மருந்திலும் அளவு உண்டு.

ஒரே பதிவில் அடங்காததைப் பல பதிவுகளில் அடக்கும் லெ க்ரேயின் கருத்து 1997 இல் கணித வடிவம் பெற்றது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். மாலிக் மதுராவில் பிறந்து கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். கேமராவை அசைக்காமல் நிறுத்தி, குறைந்த ஒளியில் ஒன்று, நடுத்தர ஒளியில் ஒன்று, மிகுந்த ஒளியில் ஒன்று எனப் பல படங்கள் எடுத்தால், அவற்றிலிருந்து காட்சியின் உண்மையான ஒளியளவுகளைக் கணக்கிட்டுப் பெறலாம் என்று அவர்கள் காட்டினர். இன்று நம் கைப்பேசிகள் ஒரு முறை அழுத்தினால் பல படங்களை விரைந்து எடுத்து ஒன்றாக்கித் தருவதற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே அடிப்படை. 2001 இல் ஹியூலெட் பக்கார்டு ஆய்வுக்கூடத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வேறொரு வழி கண்டனர். கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல திசைகளில் நகர்த்திப் படங்கள் எடுத்து, பின்னர்க் கணினித் திரையில் எந்தத் திசையிலிருந்து வேண்டுமானாலும் ஒளி விழுவதாகக் காட்டும் முறை அது. தேய்ந்த எழுத்துகளைப் படிக்க அது பெரிதும் உதவுகிறது. சாய்ந்த வெயிலுக்காகக் காத்திருந்த கல்வெட்டு அறிஞரின் பொறுமையே இங்கே கருவியாகியிருக்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்த மாணவர் கூரம் போன்ற ஊருக்குச் சென்றால் என்ன செய்ய வேண்டும்? நண்பகலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ செல்லலாம். கேமராவில் ஹிஸ்டோகிராம் எனப்படும் ஒளிப்பரவல் வரைபடத்தைப் பார்த்து, அதன் மலைமுகடு வலப்புற விளிம்பில் முட்டாதவாறு எடுக்கலாம். ரா கோப்பாகச் சேமிக்கலாம். வேறுபாடு மிகுந்த இடத்தில் முக்காலியின் துணையோடு மூன்று படங்கள் எடுக்கலாம். கணினியில் நிழலை உயர்த்தும்பொழுது எழுத்துத் தெளிவாகத் தெரியும் அளவில் நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்தாத மூலக்கோப்பை எந்நாளும் அழியாமல் காக்கலாம். செய்த திருத்தங்களை ஒரு குறிப்பில் எழுதி வைக்கலாம்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு நிகழ்ச்சி அதற்கு விடை கூறும். புதுச்சேரியில் 1955 இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோவில்களைப் பல்லாண்டுகளாகப் படமெடுத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோவிலின் சோழர் கால நடராசர் திருமேனி களவு போய், 2008 இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தால் விலைக்கு வாங்கப்பட்டது. அத்திருமேனி எவ்வூருக்கு உரியது என்பதை நிலைநாட்டுவதற்குச் சான்றாக நின்றவற்றுள், களவு போவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன் அந்நிறுவனம் எடுத்து வைத்த புகைப்படமும் ஒன்று. 2014 ஆம் ஆண்டு அத்திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது. கோவிலின் மங்கிய ஒளியில் எடுத்த ஒரு படம், கடல் கடந்து சென்றதைத் திரும்பக் கொணரத் துணை நின்றது.

அத்தகைய படங்களில், நிழலுக்குள் கிடக்கும் ஒரு சிறு தழும்போ, திருவாசியின் ஒடிந்த ஒரு சுடரோ பெரும் சான்றாகலாம். அதை மீட்டுக் காட்டுவது நற்பணி. ஆனால் இன்று வேறொரு வகைக் கருவியும் நம் கைக்கு வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு கொண்ட மென்பொருள்கள், முற்றும் வெளுத்த இடத்திலும் முற்றும் கறுத்த இடத்திலும், அங்கே என்ன இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து வரைந்துவிடுகின்றன. தாம் முன்பு கண்ட ஆயிரமாயிரம் சிலைகளின் சாயலைக் கொண்டு அவை ஒரு விரலையோ அணிகலனையோ உண்டாக்கித் தரும். பார்வைக்கு அது மீட்டதுபோலவே தோன்றும். உண்மையில் அது ட்ரைப்பின் மேகம். அழகுக்காகச் செய்தால் அது கலை. சான்று என்று சொல்லிக் காட்டினால் அது பொய்ச்சான்று. ஒரு பொய்ச்சான்று வெளிப்பட்டுவிட்டால், அதோடு சேர்ந்து மெய்ச்சான்றுகளும் மதிப்பிழக்கும். திருடியவன் தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே ஹுல்ஷ் போன்றோரின் அடைப்புக்குறியும் உடுக்குறியும் புகைப்படத்துக்கும் வேண்டும். இப்பகுதியில் நிழல் உயர்த்தப்பட்டது, இப்பகுதி பதிவின்றி வெளுத்துள்ளது, இப்பகுதி ஊகமாக வரையப்பட்டது என்று படத்தோடு எழுதி வைத்தல் வேண்டும். வெறுமையாக இருக்கும் இடத்தை வெறுமையாகவே காட்டுவதில் இழிவு ஒன்றுமில்லை.

கூரம் என்றதும் வைணவ உலகுக்கு நினைவுக்கு வருபவர் கூரத்தாழ்வான். இராமாநுசரின் தலைமாணாக்கர் அவர். போதாயன விருத்தி என்னும் அரிய நூலைத் தேடி ஆசிரியரும் மாணாக்கரும் காசுமீரம் சென்றனர் என்றும், கிடைத்த நூல் அவர்களிடமிருந்து மீண்டும் பறிக்கப்பட்டது என்றும், ஆசிரியர் வருந்தியபோது, இரவுகளில் அந்நூலைப் படித்து நெஞ்சில் பதித்துவிட்டதாகக் கூரத்தாழ்வான் கூறினார் என்றும் குருபரம்பரை வரலாறு உரைக்கும். ஏடு போயிற்று, பதிவு போகவில்லை. ஆதலால் மீட்க முடிந்தது. பின்னர் இராமாநுசர் ஸ்ரீபாஷ்யம் சொல்லச் சொல்ல எழுதியவரும் அவரே. தம் உள்ளத்துக்கு உடன்பாடில்லாத கருத்து வருமாயின் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும் என்பது அவருக்கு ஆசிரியர் இட்ட ஏற்பாடு. ஓரிடத்தில் அவ்வாறே எழுத்தாணியை நிறுத்தினார். ஆசிரியரே பின்னர்த் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார் என்பர்.

பதிந்ததை மறவாமல் திருப்பித் தருதலும், மெய்யென்று தெளியாத இடத்தில் கையை நிறுத்துதலும் நல்ல பதிவாளருக்கு இன்றியமையாத இரு பண்புகள். ஓலைக்கும் செம்புக்கும் கல்லுக்கும் பொருந்திய அப்பண்புகள் இன்று கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கும் மாணவருக்கும் பொருந்தும். நிழலை உயர்த்துங்கள், ஒளியைத் தணியுங்கள், மறைந்து கிடப்பதையெல்லாம் வெளிக்கொணருங்கள். பதிவு எங்கே முடிகிறதோ அங்கே உங்கள் கையும் நிற்கட்டும்.